வண்டி நம்முடையது, திறவுகோல் எவருடையது?

கோத்தகிரிக்கு அணித்தாக உள்ள ஓர் அட்டியில் வாழும் படுக உழவர் ஒருவர் எமக்கு நெடுநாளைய நண்பர். இரண்டு ஏக்கருக்குச் சற்றே மிகுந்த தேயிலை நிலமும், தம் தழையோடு அண்டை அயலாரின் தழையையும் ஏற்றி ஆலையிற் கொண்டு சேர்க்கும் சிறு சரக்குந்து ஒன்றுமே அவர்தம் உடைமைகள். தேயிலைப் பசுந்தழை காத்துக் கிடக்கும் பண்டமன்று. கொய்த அன்றே அஃது ஆலை புகுதல் வேண்டும். சாக்கில் அடைபட்டுக் கிடப்பின் உள்ளுக்குள் வெப்பமேறிச் சிவந்துவிடும். பின்னர் ஆலைக்காரர் எடையில் வெட்டுவார். அன்றேல் இறக்கவே விடார். மலைச் சிற்றூரில் தழையேற்றும் வண்டி ஒருநாள் நின்றால், பத்து வீடுகளின் அன்றைய உழைப்பு சாக்கிலேயே அழுகியது என்று பொருள்.

கடந்த ஆண்டு ஆடிமழையில் அவ்வண்டி நின்றது. குன்னூரில் தனியே பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். அரைமணி நேரத்தில் நோய் இன்னதென்று கண்டுவிட்டார். வண்டியின் மின்னணு மூளைப்பெட்டி - பட்டறையில் 'ஈ.சி.எம்.' என்பார்களே, அது - மழைநீர் புகுந்து, ஊசிமுனைகள் பச்சைக் களிம்பேறிச் செத்துக் கிடந்தது. பழைய உறுப்புகள் விற்கும் கோவை உக்கடத்துக்கு ஆள் போயிற்று, அதே எண் பொறித்த, நல்ல நிலையிலுள்ள பெட்டி ஒன்று கிடைத்தது, பூட்டியாயிற்று. பொறி சுழன்றது, ஆனால் பற்றவில்லை. ஓட்டுநர்முன் உள்ள பலகையில் திறவுகோல் வடிவச் செவ்விளக்கு ஒன்று மட்டும் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன தம்பி, பெட்டி பழுதா?" என்றோம்.

"பெட்டி நல்ல பெட்டிதான் அய்யா. ஆனா இந்த வண்டி எதுன்னு அதுக்குத் தெரியாது. நான் சொன்னாக் கேக்காது. கம்பெனிக்காரன் சொன்னாத்தான் கேக்கும்" என்றார் அவர்.

தமிழன்பர்களே! இந்த ஒரு விடையை ஊன்றி எண்ணுங்கள். வண்டி எம் நண்பருடையது. அதற்குரிய பணத்தை வட்டியும் முதலுமாகக் கட்டி முடித்தவர் அவர். பழுதைக் கண்டறிந்த அறிவு குன்னூர் இளைஞருடையது. மாற்றுப் பெட்டியும் கையில் உள்ளது. எனினும் வண்டி ஓடவேண்டுமாயின் எங்கோ உள்ள ஒருவன் 'ஓடுக' என்று ஆணையிட வேண்டும்! இறுதியில் அவ்வண்டியை வேறொரு சரக்குந்தில் ஏற்றி மலையிறக்கினர். கீழே இருந்த நிறுவனப் பணிமனையில், பழைய பெட்டிக்குக் குறியேற்ற மாட்டோம், புதிதுதான் வாங்கவேண்டும் என்றனர். புதிய பெட்டி வந்து, குறியேற்றி, வண்டி மீண்டும் மலையேறப் பதினொரு நாள் ஆயிற்று. குறியேற்றும் வேலையோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது என்பதை நண்பர் கண்ணாரக் கண்டு வந்து சொன்னார். அப்பணிமனையின் பெயரை இங்குச் சொல்லப் போவதில்லை. பெயர் மாறினாலும் முறை ஒன்றே. நம் சினம் அந்த முறையின் மேலது.

குறியேற்றம் என்பது யாது என அறியாதார்க்குச் சற்று விளக்குதல் வேண்டும். மூளைப்பெட்டிக்குள் இருப்பன மூன்று. முதலாவது, அப்பெட்டி எவ்வாறு வேலை செய்யவேண்டும் எனும் மென்பொருள். இரண்டாவது, இன்ன வெப்பத்தில், இன்ன சுழற்சியில், இவ்வளவு எரிநெய் எனக் கூறும் அளவைப் பட்டியல். மூன்றாவது, 'நான் இன்ன வண்டிக்கு உரியவன்' எனும் அடையாளம்: வண்டியின் 17 எழுத்தெண் கொண்ட அடையாளக்குறி, அதன் திறவுகோலுக்குள் பதிந்துள்ள சில்லின் மறையெண், டீசல் வண்டியாயின் எரிநெய் பீச்சும் ஒவ்வொரு குழலுக்கும் உரிய திருத்த எண் ஆகியன. பீச்சுகுழல்களில் ஒன்று போல் மற்றொன்று பீச்சாது. மயிரிழை வேறுபாடு இருக்கும். அவ்வேறுபாட்டை ஆலையிலேயே அளந்து, குழலின் தலையிற் பொறித்து விடுகின்றனர். அவ்வெண்ணைப் பெட்டிக்குச் சொல்லாவிடில் பொறி தடுமாறும், புகை கக்கும். மாற்றுப் பெட்டி பூட்டும்பொழுது இவையனைத்தையும் அதற்குள் எழுதியாதல் வேண்டும். திறவுகோற் சில்லையும் பெட்டியையும் ஒன்றையொன்று அறியச் செய்தலும் வேண்டும்.

இதனைச் செய்வதற்கான வாயில் எல்லா வண்டியிலும் உண்டு. ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே, 16 துளைகள் கொண்ட இணைப்பி. பழுதுகாண் கருவியை - பட்டறை வழக்கில் 'இசுகேனர்' - அதிற் செருகிப் பெட்டியோடு பேசலாம். பேசும் முறைக்கு உலகத் தர அமைவனம் 14229 எனும் எண்ணில் ஒரு நெறியே வகுத்துள்ளது. பின் தடை எங்கே? எழுதுவதற்கு இசைவு கேட்கும்போது பெட்டி ஓர் எண்ணைக் கொடுக்கும். அதனை வித்து எனலாம். அவ்வித்தினின்று ஒரு கணக்கின்படி விளைந்த விடையைக் கருவி திருப்பித் தரவேண்டும். விடை சரியெனின் கதவு திறக்கும், தவறெனின் மூடும், சில முறை தவறினால் நெடுநேரம் பேசவே பேசாது. அந்தக் கணக்குத்தான் பூட்டு. அது நிறுவனத்தாரிடம் உள்ளது. புதிய வண்டிகள் பலவற்றில் கருவியும் போதாது. கடல் கடந்த நாட்டிலோ வடக்கிலோ உள்ள நிறுவனக் கணிப்பொறியோடு இணைந்து, முகவர்க்கு மட்டும் தரப்பட்ட கடவுச்சொல்லை இட்டால்தான் ஆணை வரும்.

யாம் மின்னணுவுக்குப் பகைவர் அல்லேம். இதனை அழுத்திச் சொல்வதற்குக் கரணியம் உண்டு. தமிழுணர்வாளர் என்றாலே மாட்டுவண்டிக்குத் திரும்புவோர் என்று நகையாடும் கூட்டம் ஒன்று எப்போதும் உள்ளது. மூளைப்பெட்டியின் அருமையை நீலமலைக்காரன் அறிந்ததுபோல் வேறெவனும் அறியான். மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு 14 கொண்டையூசி வளைவுகள். மசினகுடியினின்று கல்லட்டி வழியே உதகைக்கு 36. உதகை கடல்மட்டத்தினின்று 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. பழைய வண்டிகளில் எரிநெய்யையும் காற்றையும் கலந்த 'கார்புரேட்டர்' இதனை அறியாது. அது கீழே ஊற்றிய அளவையே மேலேயும் ஊற்றும், காற்றோ குறைவு, ஆகவே வண்டி கரும்புகை கக்கி, தீப்பொறி முளையிற் கரிபடிந்து, மேட்டில் இளைத்து நிற்கும். அக்காலத்து உதகைப் பட்டறைக்காரர் புகையின் நிறத்தையும் பொறியின் ஒலியையும் கொண்டே துளைச்சிறு குழலை மாற்றி, திருகைக் கால் சுற்றுத் திருப்பி, அந்த உயரத்துக்கு ஏற்றவாறு அமைத்துத் தருவார். சமவெளிக்கு இறங்குவோர் மீண்டும் திருப்பிக்கொள்ள வேண்டும். எசுட்டேட்டுகளில் ஓடிய 'சீப்' வண்டிகளெல்லாம் இவ்வாறு கைகளால் வளர்க்கப்பட்டவை. இன்று காற்றழுத்த உணரி ஒன்று ஒவ்வொரு வளைவிலும் அழுத்தத்தை அளந்து சொல்ல, பெட்டி தானே எரிநெய்யைக் குறைத்துக்கொள்கின்றது. மலையேறும் வண்டிக்கு அது வந்த நலம் பெரிது. மலைக்காற்றுக்கும் நலமே. 2020 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த ஆறாம் நிலைப் புகைவரம்பை அப்பெட்டியின்றி எட்டவே இயலாது.

ஆனால், அன்றைய பட்டறைக்காரர் திருகைத் திருப்ப எவனிடமும் இசைவு கேட்டதில்லை. அறிவு கூடிற்று, உரிமை குறைந்தது. இவ்விரண்டும் ஒன்றாகவே வரும் என்று நம்மை நம்பவைத்ததுதான் சூழ்ச்சி.

பூட்டுக்கு அவர்கள் கூறும் கரணியங்கள் இரண்டு. கள்வர் கையில் மறையெண் போய்விடும் என்பது ஒன்று. வீட்டுக்குப் பூட்டுச் செய்து விற்றவன், களவுக்கு அஞ்சித் திறவுகோலைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போவதில்லை. வண்டியின் பதிவுச் சான்றையும் உடையவரின் அடையாளத்தையும் சரிபார்த்துத் தருவதில் என்ன அரிது? அமெரிக்காவில், பதிவு செய்துகொண்டு தம் நன்னடத்தையை மெய்ப்பித்த தனிச் செப்பனிடுநர்க்கும் பூட்டுத் தொழிலாளர்க்கும் இவ்வெண்களை வழங்கும் ஏற்பாடு ஆண்டுக்கணக்காக நடந்து வருகின்றது. அங்கு முடிவது இங்கு ஏன் முடியாது?

இன்னொன்று, பெட்டியைத் திறந்துவிட்டால் பட்டறைக்காரர் அளவைப் பட்டியலைக் கெடுத்துப் புகையைப் பெருக்கிவிடுவர் என்பது. அவ்வாறு செய்வோர் சிலர் உளர், மறுக்கவில்லை, அவர்களைப் பிடித்து ஒறுக்கட்டும். ஆனால் இதனைச் சொல்ல நிறுவனங்களுக்கு வாயுண்டா? 2015 செபுதம்பரில் வெளிப்பட்டது என்ன? செருமானிய நாட்டுப் போக்குசுவாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளின் மூளைப்பெட்டிக்குள்ளேயே ஒரு வஞ்சகத்தை எழுதி வைத்திருந்தது. வண்டி ஆய்வுக் கூடத்தில் ஓடுகின்றதா, சாலையில் ஓடுகின்றதா என்று பெட்டி கண்டுகொள்ளும், ஆய்வில் மட்டும் புகையை அடக்கும், சாலையில் அவிழ்த்துவிடும். உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலக்கம் வண்டிகள். இந்தியாவில் மட்டும் 3,23,700 வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அவ்வாண்டு திசம்பரில் அறிவித்தது. உக்கடத்துப் பட்டறைக்காரரோ குன்னூர் இளைஞரோ எழுதிய பொய்யன்று அது. மூடிய பெட்டிக்குள், எவரும் பார்க்க இயலாது எனும் துணிவில், பட்டம் பெற்ற பொறியாளர் எழுதிய பொய். பெட்டி திறந்திருந்தால் அது முதலாண்டிலேயே அகப்பட்டிருக்கும்.

இதிலும் வியப்பானது உண்டு. அதே 2015-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன், உழுவுந்து செய்யும் சான் டீர் நிறுவனம் என்ன சொல்லிற்று தெரியுமா? உழவன் வாங்குவது இரும்பைத்தான்; அதனுள் உள்ள மென்பொருளை அவன் வாங்குவதில்லை; வண்டி உள்ள வரையில் அதனைப் பயன்படுத்திக்கொள்ள அவனுக்கு இசைவு மட்டுமே உண்டு என்பது அதன் வழக்கு. நிலம் உழுபவனுக்கு உரியதன்று, உழுதுகொள்ள இசைவு மட்டுமே என்ற பழைய பண்ணையாரின் குரல், புதிய உடை உடுத்து வந்து நிற்கின்றது! அவ்வலுவலகம் அவ்வாண்டே, வண்டியைச் செப்பனிடும் பொருட்டு உடையவர் அம்மென்பொருளின் பூட்டைத் திறக்கலாம் என விலக்களித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2012-இல், மாசச்சூசெட்சு மாநில மக்கள் பொதுவாக்கெடுப்பில் செப்பனிடும் உரிமையைப் பெருவாரியாக வென்றெடுத்திருந்தனர். ஐரோப்பிய ஒன்றியமோ 2007-ஆம் ஆண்டிலேயே செப்பக் குறிப்புகளைத் தனிப் பட்டறையினர்க்கும் தரவேண்டும் என நெறி செய்துவிட்டது.

இந்தியாவிற் சட்டம் உறங்கவில்லை. எழுப்பியும் எழவில்லை என்பதே மெய். 2011-இல் ஒரு தனியாள் கொடுத்த முறையீட்டின்மேல் இந்தியப் போட்டி ஆணையம் உசாவல் நடத்தி, 2014 ஆகசுட்டு 25-ஆம் நாள் தீர்ப்புரைத்தது. மாருதி, டாட்டா, மகிந்திரா, ஓண்டா, தொயோட்டா, போர்டு, போக்குசுவாகன் உள்ளிட்ட 14 நிறுவனங்கள், உறுப்புகளையும் பழுதுகாண் கருவிகளையும் செப்பக் குறிப்புகளையும் வெளியார்க்குக் கிடைக்காவண்ணம் தடுத்தமை கண்டு, 2,544 கோடி உருபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. தனிப் பட்டறையினர்க்கு அவை கிடைக்கச் செய்க என்றும், வெளியிற் செப்பனிட்டார் என்பதற்காகவே பொறுப்புறுதியை நீக்காதே என்றும் ஆணையிட்டது. ஆணை நன்றாகவே இருந்தது. நிறுவனங்கள் வழக்குமன்றப் படிகளில் ஏறின, ஆண்டுகள் ஓடின. 2022 சூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை செப்பனிடும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டுப் பொருள், உந்துவண்டி என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. திசம்பரில் வலைவாயில் ஒன்றையும் திறந்துவைத்தது. நிறுவனங்கள் தாமே முன்வந்து சேரும் வாயில் அது. ஓநாயைத் தானே முன்வந்து பட்டியில் பெயர் எழுதச் சொன்னால் என்ன எழுதும்? எம் நண்பரின் வண்டி பதினொரு நாள் நின்றது அவ்வாயில் திறந்த பின்னர்த்தான்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

தமிழ்நாடு வண்டி வாங்கும் நாடு மட்டுமன்று, செய்யும் நாடு. இருங்காட்டுக்கோட்டையில் ஊண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான். மறைமலைநகரில் 1999 முதல் போர்டு. 2021 செபுதம்பரில் 'இனி இங்கு வண்டி செய்யோம்' என்று அறிவித்து, 2022-இல் போர்டு தன் கடைசி மகிழுந்தை அங்கிருந்து உருட்டி வெளியேற்றிற்று. தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகர் அது! இருபதாண்டுகளுக்கு மேலாக அங்கிருந்து இலக்கக்கணக்கில் வண்டிகள் வெளிவந்தன; அவற்றின் ஓட்டுநர்முன் ஒளிர்ந்த எச்சரிக்கைச் சொற்களில் அடிகளார் மொழி இருந்ததா? நாமும் கேட்டோமா? நிலம் கொடுத்தது தமிழ்நாடு. நீரும் மின்னும் வரிச்சலுகையும் கொடுத்தது தமிழ்நாடு. உழைத்த கை தமிழர் கை. ஒரு நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போகின்றபொழுது, அது விட்டுச்சென்ற வண்டிகளின் பெட்டிகள் இன்னும் எத்தனை ஆண்டு அதன் தொலைவான கணிப்பொறியின் நல்லெண்ணத்தை நம்பி ஓடவேண்டும்? உறுப்புகளும் பணிகளும் தொடரும் என்று உறுதி கூறினர், கூறட்டும். உறுதிமொழியை நம்பி உதகை ஏறலாம். குறியேற்றும் உரிமை கையில் இருந்தாலன்றோ அச்சமின்றி இறங்கலாம்!

நீலமலையின் அடிவாரத்தில், கோவையிலேயே, செருமானியப் போசு நிறுவனத்தின் மென்பொருட் பணியகம் இயங்குகின்றது. மூளைப்பெட்டிகளுக்கான மென்பொருளாக்கமும் அங்கு நடக்கும் வேலைகளுள் ஒன்று. தமிழ் இளைஞர்தம் விரல்கள் அங்கே எழுதுகின்றன. மலைமேல், கூப்பிடு தொலைவில், இன்னொரு தமிழ் இளைஞர் அவ்வெழுத்தைப் படிக்க இயலாமல் திகைத்து நிற்கின்றார். ஒருவர் மற்றவர்க்குச் சொன்னால் வேலை போய்விடும். தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவே எழுந்துள்ள இச்சுவரை எந்த அயலான் வந்து இடிக்கப் போகின்றான்?

முன்பு அவ்வாறில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் வந்து சேர்ந்த மலைத் தொடர்வண்டியை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தில், பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் நீராவிப் பொறிகளைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்த்தூர் நகரிலிருந்து கொண்டுவந்தனர். செய்தவன் சுவிட்சர்லாந்தான், ஆண்டவன் ஆங்கிலேயன். ஆயினும் பொறி தன்னை மறைக்கவில்லை. குன்னூர்ப் பொறிக்கொட்டிலிலும் திருச்சிப் பொன்மலைப் பணிமனையிலும் தமிழ்த் தொழிலாளர் அதனைக் கழற்றினர், தேய்ந்ததை அளந்தனர், வார்த்தனர், கடைந்தனர், மீண்டும் பூட்டினர். அவ்வாறு இரண்டு மூன்று தலைமுறை கழிந்தபின், இந்நூற்றாண்டிற் பொன்மலைப் பணிமனையே எண்ணெயெரி நீராவிப் பொறிகள் நான்கைப் புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பிற்று. அந்தப் பொறிகளுக்கு விண்டர்த்தூரில் ஒரு கடவுச்சொல் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? செப்பனிடுவதே செய்யக் கற்கும் பள்ளி. கோவை கோ.து. நாயுடு அவர்கள் ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் உந்துருளியைக் கண்டு வேட்கையுற்று, உழைத்துப் பொருள் சேர்த்து அதனையே வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியன்றோ பொறியறிவின் முதற்பாடம் கற்றார்! அப்பள்ளிக்குத்தான் இன்று பூட்டுப் போட்டிருக்கின்றனர்.

குற்றம் முழுவதும் அயலார்மேலது என்று முடித்துவிட எமக்கு மனம் ஒப்பவில்லை. நம் மாட்டுவண்டியில் அச்சு, குடம், ஆரம், வட்டை, கடையாணி, நுகம் என ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ப்பெயர் உண்டு. புலவர் குழு கூடிப் படைத்த பெயர்களல்ல அவை. வண்டி செய்த தச்சனும் கொல்லனும் வேலையினூடே இட்ட பெயர்கள். உந்துவண்டிக்கோ நாம் சொல் படைத்தோம், சொற்பட்டி அச்சிட்டோம், அரசும் 'சொற்குவை' என்று வலையில் தொகுத்து வைத்தது. பாராட்டுவோம். ஆனால், மாற்றுப் பெட்டிக்கு எவ்வாறு குறியேற்றுவது என்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் ஒரு பட்டறைக் கைந்நூல், எவரிடமும் இருப்பதாக யாம் கண்டிலோம். 'உணரி' என்று சொல்லாக்கி மகிழ்ந்தோம். அவ்வுணரி பழுதானால் என்ன செய்வது என்று எழுதினோமில்லை. சொல் மட்டும் கொடுத்து வேலையைக் கொடாதவனிடம் தொழிலாளி ஏன் சொல்லை வாங்க வேண்டும்?

குன்னூர் இளைஞரிடம் பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று உள்ளது. எண்ணெய்க் கறை படிந்தது. எந்த வண்டிக்கு எந்த வரிசையில் என்ன செய்யவேண்டும் என்பதைத் தம் கையெழுத்தில், தமிழெழுத்தில் எழுதி வைத்திருக்கின்றார். 'ரீடு', 'ரைட்டு', 'கீ லேர்னிங்' என்று ஆங்கிலச் சொற்கள் இறைந்து கிடக்கின்றன. ஆயினும் வாக்கியம் தமிழ். "முதல்ல பேட்டரிக்கு சார்சர் போடணும். பாதியில கரண்டு போனா பெட்டி செங்கல்லு" என்று ஒரு வரி. மழைநாளில் மரம் சாய்ந்து மின்கம்பி அறும் மலையில் எழுதப்பட்ட அறிவு இது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்னழுத்தம் தாழ்ந்தால் பெட்டி மீளாமற் போகும் என்பதைத் தாம் இழந்த பெட்டிகளால் கற்றவர் அவர். பட்டம் பெற்ற நாம் செய்யாததைப் பத்தாம் வகுப்போடு நின்ற அவர் செய்திருக்கின்றார். அவர்முன் நாணி நின்றோம்.

நூலில்லாத இடத்தில் எது நுழையும்? அயல்நாட்டுக் கள்ளக் கருவி நுழையும். பூட்டை உடைக்கும் போலிக் கருவிகளைக் கடனுக்கு வாங்கி, அவை பாதியில் நின்று பெட்டியைக் கொல்ல, வண்டிக்காரனிடம் வசையும் வாங்கிக்கொள்கின்றனர் நம் பட்டறைக்காரர்கள். நேர்வழியை அடைத்தவனே பின்னர் அவர்களைக் கள்வர் என்கின்றான்.

யாம் கேட்பன மிகையல்ல. 2014-ஆம் ஆண்டு ஆணையின் பொருள் பட்டறை வாயில் வரை வந்துசேர வேண்டும். வண்டி விற்கும் அன்றே அதன் திறவுகோல் மறையெண்ணையும், பீச்சுகுழல் எண்களையும், பெட்டியின் மென்பொருள் எண்ணையும் எழுத்தில் வாங்குவோர் கையிற் கொடுத்தாக வேண்டும். தனிப் பட்டறை முறைப்படி பதிவு செய்துகொண்டால், முகவர்க்குக் கொடுக்கும் அதே விலையில் அதே கருவியும் அதே நுழைவும் வேண்டும். தமிழ்நாட்டு அரசு நிலமும் சலுகையும் கொடுத்து ஒப்பந்தம் எழுதும்போது, இங்கு விற்கும் வண்டியின் செப்பக் குறிப்பு தமிழிலும் தரப்படவேண்டும் என ஒரு வரி சேர்த்தால் போதும். அவ்வொரு வரிக்கு அஞ்சி எந்த நிறுவனமும் ஓடிவிடாது. குன்னூர், கூடலூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிலும் மலைப்பிள்ளைகள், பெட்டியைத் தொட்டு எழுதிக் கற்பதற்கு உரிய கருவி வேண்டும்.

இவை வருங்காறும் வண்டியுடையோர் வாளா இருத்தல் வேண்டா. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, நம்பிக்கையான பட்டறையில் கொடுத்து மூளைப்பெட்டியின் நினைவை முழுவதும் படியெடுத்து வையுங்கள். பெட்டி செத்தபின் படிக்க இயலாமற் போவதே பெரும்பாலான தொல்லைக்கு வேர். பீச்சுகுழல் எண்களை ஒரு தாளில் எழுதிப் பதிவுச் சான்றோடு வையுங்கள். இரண்டாந் திறவுகோலைத் தொலைக்காதீர்கள். மழைக்கு முன் பெட்டியின் இணைப்பியில் ஈரமும் எலிக்கடியும் உளவா எனப் பாருங்கள். மலையில் எலிக்கு மின்கம்பி உறை மிகவும் பிடிக்கும்!

அக்குறிப்பேட்டை இளைஞரிடம் வாங்கிப் படியெடுத்துள்ளோம். ஆங்கிலச் சொற்களுக்கு அருகே தமிழ்ச்சொல்லை எழுதி, பட்டறையிற் படித்துக்காட்டி, அவர் நாவில் ஒட்டியதை வைத்து, ஒட்டாததை நீக்கி வருகின்றோம். 'குறியேற்றம்' ஒட்டிற்று. 'வித்து', 'விடை' ஒட்டின. 'திருட்டுத்தடை'யைக் கேட்டதும், "இது நல்லாருக்கு அய்யா, வண்டிக்காரருக்கும் சொன்னாப் புரியும்" என்றார். இன்னும் நான்கு சொற்கள் இழுபறியில் உள்ளன. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பட்டறைகளிலுள்ள அன்பர்கள் தாம் வழங்கும் சொற்களையும் தாம் கண்ட முறைகளையும் தைத் திங்களுக்குள் எழுதி விடுப்பின், சிறு நூலாக அச்சிடலாம். இளைஞர் தமக்கு மூன்று படி வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கின்றார்: ஒன்று தமக்கு, ஒன்று தம்மிடம் தொழில் பழகும் பையனுக்கு, மற்றொன்று எண்ணெய்க் கையோடு எடுத்துப் பார்ப்பதற்கு.